ஈரம் பட்ட எட்டாம் நாள்

ஆகஸ்ட் 4, திங்கள். குஞ்சுக்கு 1 நாள்

இன்று குஞ்சு இறங்கியது. நாலாயிரத்து இருநூறு. அதனால்தான் மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். கோழிச் செட்டில் குஞ்சு இருந்தால் ராத்திரி முழுவதும் லைட் எரியும். என் ஜன்னலுக்கு நேர் எதிரே செட்டின் கம்பி வலை. கீழிருந்து மேலே இழுத்துக் கட்டும் படுதா ஒரு முழம் இறங்கியிருந்தால் போதும், படுத்துக்கொண்டே எழுதலாம்.

போன நோட்டை அப்பா வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். அதில் தோழிகளின் பிறந்த நாள்கள்தான் இருந்தன. ஆனால் ஒரு பக்கத்தில் அம்மா என்ற சொல் நான்கு முறை வந்திருந்ததாம். இந்த நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு 'வேதியியல், கு. பவதாரணி, பன்னிரண்டாம் வகுப்பு' என்று லேபிள் ஒட்டியிருக்கிறேன். வேதியியலை அப்பா தொடமாட்டார்.

எங்களுக்குக் குஞ்சு தரும் கம்பெனியின் சூப்பர்வைசர் அஸ்கர் அண்ணன் வண்டியோடு வந்தார். வாரம் இரண்டு முறை வந்து எடை பார்த்து, செத்ததை எண்ணி, செட் வாசலில் தொங்கும் கார்டில் எழுதிவிட்டுப் போவார். அந்தக் கார்டில் தேதிக்குப் பக்கத்தில் குஞ்சின் வயதும் இருக்கும். நானும் அப்படியே எழுதப் போகிறேன்.

அப்பா பெட்டி பெட்டியாகக் குஞ்சுகளைக் கவிழ்த்தார். "வாங்க சாமீ, வாங்க. மாமனார் ஊடு மாதிரி தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குங்க." அஸ்கர் அண்ணன், "உங்க மாமனார் ஊட்டுல அப்படித்தான் கவனிச்சாங்களாண்ணா?" என்று கேட்டார். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிப்பதற்கு முன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

அம்மா இந்தப் புழுக்கத்திலும் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தாள். தூசி ஒத்துக்கொள்ளாது என்று அஸ்கர் அண்ணனிடம் சொன்னாள்.

ஆகஸ்ட் 7, வியாழன். 4 நாள்

விலங்கியல் வகுப்பில் பிலோமினா டீச்சர் மலேரியா நடத்தினார். ஒட்டுண்ணிக்கு எத்தனையோ வடிவம் உண்டு, எல்லாமே நோய் தராது, மனிதனுக்குள் போய் நோய் தருவது ஸ்போரோசோயிட் என்ற ஒரே வடிவம், அதுதான் தொற்றும் நிலை என்றார். "மத்ததெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிற கூட்டம். அது எங்க உருவாகுது, எத்தனை நாள்ல உருவாகுது, இது தெரியாம எவளும் பரீட்சைக்கு வராதீங்க."

சாயங்காலம் தீவன அறையில் கம்பெனி ஒட்டிய அட்டையை முதல் முறையாக முழுவதும் படித்தேன். கோழிக்கு வரும் ரத்தக் கழிச்சலும் அதே மாதிரி ஒற்றைச் செல் உயிரிதான். நோய்க்கோழியின் எச்சத்தில் வெளியே விழும்போது அதற்குத் தொற்றும் சக்தி கிடையாது. ஈரம், சூடு, காற்று மூன்றும் கிடைத்து ஒன்றிரண்டு நாள் போனால் உள்ளே நான்கு அறை உண்டாகிறது. அறைக்கு இரண்டு பேர், வாழைப்பழம் மாதிரி வளைந்து படுத்திருக்கிறார்கள். மொத்தம் எட்டு. அப்போதுதான் அது தொற்றும் நிலை. கோழி கொத்தித் தின்றால் ஐந்தாறு நாளில் குடலை அறுத்துக்கொண்டு ரத்தமாக வருகிறது. தரையைக் காய வைத்தால் அந்த நிலைக்கே வராது. அதனால்தான் அம்மா தினமும் தரையில் பரப்பிய தேங்காய் நார்த்தூளைப் பல் வைத்த வாரியால் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அப்பாவுக்கும் சொன்ன உடனே கோபம் வராது. இரண்டு நாள் ஆகும்.

இதை எழுதியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய். 9 நாள்

குழம்பில் உப்பு இல்லை. தட்டு வளைந்துவிட்டது. அம்மா அம்மிக் குழவியால் தட்டி நிமிர்த்தினாள். இட்லிக்கு அதையேதான் வைத்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. 14 நாள்

மதியம் அப்பா சென்னியப்பன் மாமாவின் செட்டுக்குப் போனார். அவருடைய கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல். செத்ததை அள்ளிக் குழியில் போட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். பொழுது இறங்கும்போது அப்பா குடித்துவிட்டு வந்தார். வண்டி ஹேண்டிலில் காலைக் கட்டிய இரண்டு கோழிகள் தொங்கின.

நேராக எங்கள் செட்டுக்குள் நுழைந்தார். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, உள்ளே போட வேறு செருப்பு இருக்கிறது. இரண்டையும் அவர் பார்க்கவில்லை. கோழிகளை நடு வரிசையில் தூளின் மேல் போட்டார். நாளைக்குக் குழம்பு வைக்க வேண்டுமாம்.

அம்மா, "ஏனுங், செருப்பை மாத்திக்குங். அங்க கழிச்சல்ங்கறீங்" என்றாள்.

"என்ர செட்டுக்குள்ள போறதுக்கு உன்ரகிட்டப் பாஸ் வாங்கோணுமா?"

"அதுக்கில்லீங். அந்தக் கோழியையாச்சும் வெளிய போட்டுருங். எச்சம் போடுது பாருங்."

அப்பா சிரித்தார். "டாக்டரம்மா சொல்லிட்டாங்க, கேட்டுக்கங்கடா" என்று குஞ்சுகளைப் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகு அம்மா தண்ணீர்ப் பைப்பில் இடித்துக்கொண்டாள். பைப் இரண்டாக உடைந்தது. குஞ்சுகள் எல்லாம் ஒரே துணியை இழுத்த மாதிரி மறுகோடிக்கு ஓடின. எனக்கு முழுவதும் தெரியவில்லை. படுதா ஒரு முழம்தான் இறங்கியிருந்தது.

அம்மாவுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

அப்பா டேங்குக்குக் கீழே கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டார். வால்வு அவருடைய தலைமாட்டில் இருக்கிறது. அதை மூட வேண்டுமென்றால் அவரைத் தாண்டிக் குனிய வேண்டும். இரண்டு முறை போய்த் திரும்பினேன். இரண்டாம் முறை அவருடைய கண் திறந்திருந்த மாதிரி இருந்தது. டேங்க் காலியாகும் வரை தண்ணீர் ஓடியது. இதை எழுதும்போதும் சொட்டுகிறது.

ஆகஸ்ட் 18, திங்கள். 15 நாள்

நான் தூரம். காலையில்தான் ஆனது. பக்கத்து வீட்டிலிருந்து ருக்குமணி அத்தை வந்து, என் பாயையும் தட்டையும் பின்கட்டுக்கு எடுத்துப் போட்டாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. எந்த வீட்டில் யார் எப்போது தூரம் என்று அவளுக்குத்தான் தெரியும். "மூணு நாளைக்குச் செட்டுப் பக்கம் நெழல் விழுகக் கூடாது பவி. குஞ்சு வாயில்லாச் சீவன், பொசுக்குனு போயிரும்" என்றாள்.

ஆவணி முதல் திங்கள் என்று அம்மாவைச் சிவன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போய், இடது கையால் திருநீறு வாங்கினாளாம். அத்தை அதற்கும் திட்டினாள்.

அப்பா உடைந்த பைப்பைச் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டினார். இரண்டு கோழியும் குழம்பாயிற்று. எனக்குப் பின்கட்டுக்கு வந்தது. சாப்பிடவில்லை, நாய்க்குப் போட்டேன்.

அம்மா தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவைக்கிற சாக்கில் வந்து குனிந்து சொன்னாள். "நாலு வரிசை சொதசொதன்னு கெடக்குது கண்ணு. அவிய கிளறமாட்டாங்க. எனக்குக் கை வரலை."

"நான் தூரம்மா."

"கோழிக்கு அதென்ன தெரியும்? நேரத்துல எந்திரிச்சுப் போ. கிளறி விடு, காயட்டும். காஞ்சாப் போதும்."

பின்கட்டில் செட்டு லைட் இன்னும் நன்றாக விழுகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய். 16 நாள்

விடிவதற்கு முன் போனேன். நனைந்த தூளில் கண் எரிகிற நாற்றம். இரும்பு வாரி என்னைவிட உயரம். மேலே காய்ந்த மாதிரி இருக்கிறது, கிளறினால் அடியில் சோற்றுப் பதம், தொட்டால் சூடு. இரண்டு வரிசை கிளறிச் சுண்ணாம்பு தூவினேன். மூன்றாவது வரிசைக்குப் போனபோது அப்பா இருமினார். வாரியைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வரிசை பாக்கி. பைப் உடைந்த இடம் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

உள்ளே போனேன் என்று அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 20, புதன். 17 நாள்

விலங்கியல் தேர்வு. தொற்றும் நிலை கேட்டிருந்தார்கள். எழுதினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள். 22 நாள்

ரத்தம்.

காலையில் தண்ணீர் பார்க்கப் போன அம்மா அங்கேயே குந்தியிருந்தாள். தூளின் மேல் செம்பருத்திப் பூவைக் கசக்கிப் போட்ட மாதிரி இருந்தது. ஒன்று இல்லை, நூறு இருக்கும். கோழிகள் இறகை உப்பிக்கொண்டு, குளிருகிறவர்கள் மாதிரி கண்ணை மூடி நின்றன. நான் கிளறிய இரண்டு வரிசையில் அவ்வளவாக இல்லை. கிளறாத இரண்டு வரிசையில்தான் நிறைய.

பள்ளிக்கூட வேனில் விரலை மடக்கினேன். பதினேழிலிருந்து இருபத்தைந்து. எட்டு. இரண்டு நாள் வெளியே, ஆறு நாள் உள்ளே. அட்டையில் போட்டிருப்பது அப்படியே சரியாக வருகிறது.

ஆனாலும் நான் உள்ளே போனது பதினெட்டுக்கு மறுநாள். தூரத்தோடு போனேன். அதையும் எண்ணினால் கிட்டத்தட்டச் சரியாகத்தான் வருகிறது. புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்று தெரியும். ஆனால் பரீட்சையில் யாரும் என் வீட்டுச் செட்டைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய். 23 நாள்

அறுபது செத்தது. அத்தை செட் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "ரத்தத்துக்கு ரத்தம் காட்டுது தம்பி. தூரமானவ எவளோ உள்ள கால வெச்சிருக்கறா."

அப்பா வாசலுக்கு வந்தார். பைப்பின் உடைந்த துண்டு கையில் இருந்தது. டியூப் சுற்றிக் கட்டியபோது வெட்டி எறிந்தது, ஒரு கை நீளம்.

"எவ போனது?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அம்மா, "நாந்தானுங். முந்தாநேத்து. உள்ள நிக்கறப்பவே ஆயிப்போச்சு, தெரியலீங்" என்றாள்.

பதினொன்று. எண்ணினேன். நான்காவதில் அம்மா உட்கார்ந்தாள். ஏழாவதில் அத்தை, "போதும் தம்பி, மூஞ்சியில வேண்டாம், நாளைக்குக் கம்பெனிக்காரங்க வருவாங்க" என்றாள். மீதி நான்கும் முதுகில். அம்மா கத்தவில்லை. பைப்தான் சத்தம் போட்டது.

நான் சோற்றை விழுங்கவில்லை. பிறகு துப்பினேன்.

அம்மாவுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, "ஏம்மா பொய் சொன்னே?" என்று கேட்டேன். "நீ மட்டும் வாயைத் தொறந்தீன்னாப் பாரு" என்றாள். அதுவரை என்னிடம் அவள் அவ்வளவு கோபமாகப் பேசியதில்லை.

ஆகஸ்ட் 27, புதன். 24 நாள்

இருநூற்றுப் பத்து. சுருண்டு நின்றவற்றை அப்பா காலைப் பிடித்துத் தூக்கித் தூணில் அடித்தார். ஓர் அடிக்கு ஒன்று. சிலது இரண்டு அடி. "ரத்தம் கக்குறியா, கக்கு" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். சாகிறதை முன்னாலேயே கொன்றால் நோய் நின்றுவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தூணில் அடித்து அடித்து ரத்தமும் குடலும் தூளில்தான் தெறித்தன. மற்றவை ஓடி வந்து அதைக் கொத்தின.

சாக்கைப் பிடித்துக்கொள்ள என்னை நிறுத்தினார். ஒரு கோழியை அடித்துவிட்டு, "நல்லாப் பாரு" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

சுடிதாரில் கறையோடு வேன் ஏறியிருக்கிறேன். பள்ளியில் பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டுத் துப்பட்டாவைக் கொடுத்தாள். "கோழி" என்றேன். அவள் நம்பவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன். 25 நாள்

பள்ளிக்குப் போகவில்லை. கம்பெனி டாக்டர் வந்தார். அஸ்கர் அண்ணனும் வந்தார். செத்த கோழியைச் சிமெண்ட் திட்டில் போட்டு டாக்டர் கத்தரிக்கோலால் திறந்தார். குடலின் முனையில் இரண்டு பைகள். கறுத்த ரத்தம் கட்டிக் கட்டியாக அவற்றில் நிரம்பியிருந்தது. டாக்டர் விரலால் அழுத்திக் காட்டினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முழுக்கைச் சட்டை, மேலே துண்டு.

டாக்டர் தூளை அள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எப்பங்க தண்ணி பட்டுச்சு?"

"தண்ணியே படலீங்" என்றார் அப்பா. "என்ர செட்டுல ஒரு சொட்டு ஈரம் பாக்க முடியாது. அஸ்கரைக் கேளுங்."

அஸ்கர் அண்ணன் டியூப் சுற்றிய பைப்பைப் பார்த்தார்.

"படாம இப்படி வராதுங்க" என்றார் டாக்டர். "எங்கிருந்தோ வித்து வந்திருக்குது, இங்க ஈரம் கெடைச்சிருக்குது. ரத்தம் மொதல்ல பாத்தது இருபத்தஞ்சுன்னா, ஏழெட்டு நாளைக்கு முந்தி. பதினேழு, பதினெட்டு வாக்குல என்ன நடந்துச்சுன்னு ரோசனை பண்ணிப் பாருங்க."

நான் தீவன அறைக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். பதினேழாம் தேதி என்ன நடந்தது என்று என் தலையணை உறைக்குள் இருக்கும் நோட்டில் எழுதி இருக்கிறது. நான்கு எட்டு வைத்தால் டாக்டர். வைக்கவில்லை.

மருந்து எழுதிக் கொடுத்தார், தண்ணீரில் கலக்கச் சொன்னார். போய்விட்டார்கள்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் அத்தை விரலை மடக்க ஆரம்பித்தாள். டாக்டர் கணக்கை அவள் தன் கணக்கில் போட்டுப் பார்த்தாள். "பதினேழு ஆவணி ஒண்ணு. பதினெட்டு ரெண்டாந்தேதி, திங்கக்கிழமை. உன்ர பொண்டாட்டி வசந்தா சொன்ன நாளு ஒத்துவரலை, அந்தத் திங்கக்கிழமை அவ என்கூடக் கோயிலுக்கு வந்தாளே தம்பி. தூரமா இருந்தா வருவாளா?" பிறகு பின்கட்டைப் பார்த்தாள். "அன்னிக்குப் பாய் போட்டது..."

அம்மா, "அண்ணி, சும்மா இருங்" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மருந்து வாங்கப் போனார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி. 26 நாள்

அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பிட்டார். எனக்கு மிட்டாய் வாங்கி வந்து ஜன்னலில் வைத்திருந்தார். அம்மா அதை எடுத்துச் சாக்கடையில் போட்டாள்.

இரண்டில் இது முதல் நாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. 28 நாள்

குஞ்சு வயதைப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். எத்தனை மிச்சம் என்று தெரியாது.

இது பெரிய ஆஸ்பத்திரி. வார்டுக்கு வெளியே பெஞ்சு. இங்கேயும் ராத்திரி முழுவதும் லைட் எரிகிறது. அம்மாவின் துணிகளை எடுக்கும்போது நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

நேற்றுக் காலை எட்டு மணி இருக்கும். அப்பா என்னைச் செட்டுக்குள் கூப்பிட்டார். வாரியைக் கையில் வைத்திருந்தார்.

"கண்ணு, இங்க வந்து நில்லு. நீ அன்னிக்கு உள்ள வந்தியா?"

குரல் நன்றாகத்தான் இருந்தது.

"வந்தேனுங்ப்பா. கிளற வந்தேன். ஈரமா இருந்துதுங்."

"ஈரமா? எந்த ஈரம்? என்ர செட்டுல ஏது ஈரம்?"

நான் பைப்பைப் பார்த்தேன். அதைப் பார்த்ததுதான் தப்பு. வாரி மேலே போனது. பல் என் பக்கம் இருந்தது. எப்படி வந்தாள் என்று தெரியவில்லை, அம்மா எனக்கு முன்னால் இருந்தாள். ஒரு கையைத்தான் தூக்கினாள், இன்னொன்று வரவில்லை. வாரி திரும்பி, கட்டைப் பக்கம் அவளுடைய தாடையில் விழுந்தது. காய்ந்த மட்டையை முறிக்கிற சத்தம். அவள் விழுந்த பிறகும் அடித்தார். தோளில், இடுப்பில், மறுபடியும் முகத்தில். கோழிகள் எல்லாம் மறுகோடிக்கு ஓடின. நான் ஓடவில்லை, ஆனால் பிடிக்கவும் இல்லை. "அப்பா, வேண்டாங், வேண்டாங்" என்று மரியாதையாகவே கத்திக்கொண்டிருந்தேன்.

செத்ததை எண்ண வந்த அஸ்கர் அண்ணன்தான் ஓடி வந்து வாரியைப் பிடுங்கினார். அவருடைய உள்ளங்கை கிழிந்தது. அவர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார். அது வருவதற்குள் அத்தை ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் ஊற்றிக் காலால் தேய்த்தாள். பதினேழாம் தேதிக்குப் பிறகு நேற்றுத்தான் அங்கே மறுபடியும் ஈரம்.

அம்மாவின் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. ஐந்து பல் இல்லை. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் பேசக் கூடாதாம். கண் விழித்துவிட்டாள், ஆளைத் தெரிகிறது.

இன்று மதியம் ஆஸ்பத்திரிப் போலீஸ் ஏட்டம்மா வந்தார். எப்படிக் காயம் என்று கேட்டார். எப்போதும் இதற்கு அம்மாதான் பதில் சொல்வாள். கதவு இடித்தது, மாடு முட்டியது, தூசி ஒத்துக்கொள்ளாது. இன்று அவளால் முடியவில்லை. அப்பா சொன்னார்.

"வழுக்கி விழுந்துட்டாங்க. செட்டுக்குள்ள ஒரே ஈரம்ங். பத்துப் பதினஞ்சு நாளாவே ஈரம். நானும் சொல்லிட்டேதான் இருந்தேன், கேக்கமாட்டீன்னுட்டா."

ஏட்டம்மா எழுதிக்கொண்டார். "பதினஞ்சு நாளா ஈரமா? எதனால?"

"பைப் ஒடைஞ்சு போச்சுங்."

"எப்படி ஒடைஞ்சுது?"

"வெயிலுக்குங்."

ஏட்டம்மா பேனாவைத் தாளிலிருந்து எடுத்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் கால்மாட்டில் நின்றிருந்தேன். "நீ கொஞ்சம் வெளிய வா பாப்பா" என்றார். அத்தை உடனே, "அவ தூரங்க, ரெண்டு நாளா ஒண்ணும் சாப்புடலை, மயக்கமா இருக்கறா" என்றாள். நான் தூரம் இல்லை. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அத்தைக்கு அது நன்றாகத் தெரியும்.

ஏட்டம்மா, "சரி, தூரமானா வாய் பேசாதா?" என்றார். "காலையில ஏழு மணிக்கு நான் டூட்டி மாறறதுக்கு முந்தி திரும்ப வருவேன். உன்னையத்தான் கேப்பேன்."

அத்தை என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். நகம் பதிந்திருக்கிறது. "உங்கப்பன் உள்ள போயிட்டா உன்னைய எவன் கட்டுவான்? செட்டை எவன் பாப்பான்? வழுக்கீட்டான்னு ஒத்தை வார்த்தை. உங்கம்மாளே அதைத்தான் சொல்லுவா."

அம்மா அதைத்தான் சொல்வாள். அது உண்மை.

அதனால் பார்வையாளர் நேரம் முடிந்து அப்பாவையும் அத்தையையும் வெளியே அனுப்பிய பிறகு அம்மாவிடம் போனேன். நோட்டை எடுத்து அவளுடைய முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "இது வேதியியல் இல்லைம்மா" என்றேன். பதினேழாம் தேதியைக் காட்டினேன். ஒரு கண் முழுவதும் மூடி வீங்கியிருக்கிறது. இன்னொரு கண்ணால் படித்தாள். மெதுவாகப் படித்தாள். 'அம்மா தண்ணீர்ப் பைப்பில் இடித்துக்கொண்டாள்' என்ற வரிக்கு வந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"காலையில ஏட்டம்மா வருவாங்க. குடுக்கட்டுமா?"

அம்மா தலையை ஆட்டக் கூடாது. ஆட்டவும் இல்லை. போர்வையின் மேல் இருந்த இடது கையின் விரல்களை மட்டும் மடக்கி, வாரி மாதிரி வைத்துக்கொண்டு, தன் பக்கமாக ஒரு முறை இழுத்தாள். மறுபடியும் ஒரு முறை. துணியில் நான்கு கோடு விழுந்தது.

அரிப்பாகவும் இருக்கலாம். மருந்தால் அப்படி இருக்கும் என்று நர்ஸ் சொன்னார்.

நான் பெஞ்சுக்கு வந்து, பேனாவை எடுத்து, பதினேழாம் தேதியில் அந்த வரியை அடித்தேன். செய்முறை நோட்டில் தப்பைத் திருத்துகிற மாதிரி, பழையது தெரியும்படி ஒரே கோடு. மேலே எழுதினேன்: அப்பா அம்மாவின் தலைமுடியைப் பிடித்து இரண்டு முறை பைப்பின் மேல் இடித்தார். இரண்டாவது இடியில் பைப் உடைந்தது. படுதா முழுவதும் இறங்கியிருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

தட்டு வளைந்த வரியையும் திருத்தினேன். அது அம்மாவின் நெற்றியில் பட்டு வளைந்தது. நான்காம் தேதி முழுக்கைச் சட்டை என்று எழுதியதற்குப் பக்கத்தில், உள்ளே என்ன இருந்தது என்று எழுதினேன். இடம் போதவில்லை. ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மணி ஆறரை. அப்பா கீழே டீக்கடையில் நிற்பது ஜன்னலில் தெரிகிறது. அத்தை பக்கத்தில் நிற்கிறாள். எனக்கும் ஒரு டீ வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார். மேலே வரப்போகிறார்.

முழங்காலில் வைத்து வேகமாக எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது. படிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. அப்பாவுடையது செருப்பு.

அட்டையில் வேதியியல் என்று இருக்கிறது, உள்ளே அது இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும்.